ஜெர்மனியில் அந்நியராக முதல் ஆண்டு: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

ஊருக்குள் புதிதாக ஒருவர் நுழைந்தால் அவரை விசாரிப்பது ஊராரின் வேலை என்பது நம் வழக்கம். தேநீர்க் கடை வாசலில் சற்று நேரம் நின்றாலே எந்த ஊர், யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள், என்ன வேலையாக வந்தீர்கள் என்ற கேள்விகள் வந்துவிடும். அவற்றுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பாதி அறிமுகம் நடந்திருக்கும். ஜெர்மனியில் இந்த முறை தலைகீழானது. புதிதாகக் குடிவந்தவர்தான் அண்டை வீட்டு மணியை அழுத்தித் தம் பெயரைச் சொல்ல வேண்டும். வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்தான் ஒவ்வொருவரிடமும் சென்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். காத்திருப்பு அறைக்குள் கடைசியாக நுழைபவர்தான் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். இதை அறியாமல், யாராவது வந்து பேசுவார்கள் என்று காத்திருக்கும் நம்மவர், சில மாதங்களில் இவர்கள் பழகத் தெரியாதவர்கள் என்று முடிவுகட்டிவிடுகிறார். அதே சில மாதங்களும் பக்கத்து வீட்டார், இவர் ஒதுங்கி வாழ விரும்புபவர் போலும் என்று எண்ணி மரியாதையாக விலகி நிற்கிறார்கள்.

படிக்கவோ, வேலைக்கோ, துணைவருடன் சேர்ந்து வாழவோ அங்கே செல்லும் தமிழர்களுக்காக, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முன்: பெயர்

ஜெர்மன் அலுவலகங்கள் ஒருவரை இட்ட பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டங்களில் அறிகின்றன. தலைப்பெழுத்தோடு வாழ்ந்த நமக்கு இதில்தான் முதல் சிக்கல். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால், பல்கலைக்கழகம் ஒரு விதமாகவும், வங்கி இன்னொரு விதமாகவும், மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் மூன்றாவது விதமாகவும் அதை நிரப்பிக்கொள்ளும். பிறகு மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பாகிவிடும். ஆகவே, விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே கடவுச்சீட்டில் இரண்டு கட்டங்களும் நிரம்பியிருக்குமாறு திருத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பின் எல்லா ஆவணங்களிலும் எழுத்துக்கூட்டலை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

தந்தையின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டால், அங்கே எல்லோரும் உங்களை அந்தப் பெயரால்தான் அழைப்பார்கள். மருத்துவமனை ஒலிபெருக்கியில் தந்தையின் பெயர் கேட்டு, அது வேறு யாரோ என்று உட்கார்ந்திருந்து முறையைத் தவறவிடுவது புதியவர்களுக்குச் சாதாரணமாக நடப்பதுதான். கணவன், மனைவி, குழந்தை ஆகிய மூவருக்கும் மூன்று வெவ்வேறு குடும்பப் பெயர்கள் இருப்பதும் அங்கே கேள்விக்குரியது என்பதால், திருமணச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஜெர்மன் மொழிபெயர்ப்புடன் கையிலேயே கொண்டு செல்வது நல்லது.

முதல் இரண்டு வாரம்: முகவரி

உங்களை யாரென்றே அறியாத ஒரு நாட்டில் உங்களுக்காகச் சாட்சி சொல்வது முகவரிதான். வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஊராட்சி அலுவலகத்தில் பதிவு செய்யச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அன்மெல்டுங் எனப்படும் இந்தப் பதிவுக்குக் கடவுச்சீட்டும், நீங்கள் அங்கே குடிவந்திருப்பதை உறுதிசெய்து வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட படிவமும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பெருநகரங்களில் முன்பதிவு நேரம் கிடைப்பதே கடினம் என்பதால், வீடு உறுதியான அன்றே இணையத்தில் நேரம் பிடித்து வைக்க வேண்டும்.

பதிவுப் படிவத்தில் மதம் பற்றிய கேள்வி ஒன்று உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையையோ புராட்டஸ்டண்ட் திருச்சபையையோ சேர்ந்தவர் என்று பதிவானால், உங்கள் வருமான வரியின் மேல் பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பெர்க்கிலும் 8 சதவீதமும் ஏனைய மாநிலங்களில் 9 சதவீதமும் திருச்சபை வரியாகச் சம்பளத்திலேயே பிடிக்கப்படும். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதை அறிந்து பதில் சொல்ல வேண்டும். வரியைச் செலுத்துவதும் செலுத்தாததும் அவரவர் விருப்பம். ஆனால் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைப்பது தேவையற்றது.

பதிவு முடிந்தபின் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அதோடு ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதமும் வரும். தொலைக்காட்சியே இல்லாத என்னிடம் மாதம் 18.36 யூரோ கேட்கிறார்களே, இது மோசடி என்று பலர் கிழித்துப் போட்டு, பின்னர் அபராதத்தோடு கட்டுகிறார்கள். அது மெய்யான கட்டணம். வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் விதிக்கப்படுவதால், நண்பர்கள் சேர்ந்து வாழும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும்.

இந்தக் கடிதங்கள் உங்கள் கைக்கு வர வேண்டுமானால் தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். வீட்டு எண் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பொதுவாகக் கதவு எண் கிடையாது, தபால்காரர் பெயரைத்தான் பார்ப்பார். பெயர் இல்லாத பெட்டிக்கு வந்த கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். கடவுச்சீட்டில் உள்ள அதே குடும்பப் பெயரைப் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

வீடு தேடும்போது புதியவரைக் குறிவைக்கும் மோசடிக்காரர்களும் உண்டு. அழகான படங்கள், நம்ப முடியாத அளவுக்குக் குறைந்த வாடகை, தாம் வெளிநாட்டில் இருப்பதாகவும் பணம் வந்ததும் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் சொல்லும் உரிமையாளர் ஆகியவை ஒன்றாகச் சேர்ந்தால் அந்த விளம்பரத்தை விட்டுவிடுங்கள். நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு யூரோகூட அனுப்பக் கூடாது. முன்பணமாக, இதர செலவுகள் சேராத அடிப்படை வாடகையின் மூன்று மடங்குக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அதையும் மூன்று தவணையில் கட்டும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. பல வீடுகளில் சமையலறை மேடையோ அடுப்போ இருக்காது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டே கையெழுத்திடுங்கள்.

முதல் மாதம்: அண்டை வீட்டார்

இந்தப் படியில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். குடியேறிய முதல் அல்லது இரண்டாம் வாரத்தில், மாலை ஆறு மணிக்கு மேல், இரவு உணவு வேளை முடிவதற்கு வெகு பின்னரும் இல்லாமல், உங்கள் மாடியில் உள்ளவர்களின் மணியையும் நேர் மேலும் நேர் கீழும் உள்ளவர்களின் மணியையும் அழுத்துங்கள். வாசலில் நின்றபடியே பெயர், எந்த மாடி, யாருடன் வசிக்கிறீர்கள், என்ன படிப்பு அல்லது வேலை என்று நான்கு வாக்கியம் சொன்னால் போதும்; அவற்றை ஜெர்மன் மொழியில் மனப்பாடம் செய்துகொண்டு போவது இன்னும் நல்லது. உள்ளே அழைக்கவில்லை என்பதைக் குறையாக எண்ண வேண்டாம். வாசலிலேயே முடிவது அந்தச் சந்திப்பின் இயல்பு. அன்றே சாம்பார் பாத்திரத்தோடு போய் நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சமைத்த உணவை முன்பின் அறியாதவரிடமிருந்து வாங்கப் பலர் கூச்சப்படுவார்கள், பாத்திரத்தை எப்படித் திருப்பித் தருவது என்ற கவலை வேறு சேரும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் எல்லோரும் வீட்டில் சுட்ட பிஸ்கட்டுகளைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துக்கொள்வார்கள். நம் முறுக்குக்கும் அதிரசத்துக்கும் அதுவே சரியான காலம்.

அந்த அறிமுகத்துக்குப் பிறகு, படிக்கட்டில் எதிர்ப்படும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முறையும் வணக்கம் சொல்ல வேண்டும். வடக்கே மொயின் என்பார்கள், தெற்கே க்ரூஸ் காட் என்பார்கள், எங்கும் செல்லுபடியாவது குட்டென் டாக். படிக்கட்டில் பேசாமல் கடந்து போகிறவரைப் பற்றித்தான் அந்தக் கட்டடத்தில் பேச்சு எழும்.

பழக்கம் வளர நல்ல வாய்ப்பு, பொட்டலங்கள் வழியாக வரும். வீட்டில் ஆள் இல்லாதபோது தபால்காரர் பொட்டலத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, யாரிடம் இருக்கிறது என்று ஒரு சீட்டை உங்கள் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். பிறருக்கு வரும் பொட்டலத்தை நீங்கள் மறுக்காமல் வாங்கி வையுங்கள். வாங்க வருபவர் வாசலில் இரண்டு நிமிடம் நிற்பார். அவராகத் தேடி வரும் அந்த இரண்டு நிமிடத்தை வீணாக்கக் கூடாது. நாளடைவில், ஊருக்குப் போகும்போது தபால் பெட்டிச் சாவியை ஒப்படைக்கும் அளவுக்கு வளரும் நட்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன.

சத்தம் குறித்துக் கவனம் தேவை. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை அமைதி நேரம்; ஞாயிறும் அரசு விடுமுறைகளும் நாள் முழுவதும் அமைதி நாள்கள். சில கட்டடங்களின் விதிகளில் மதிய ஓய்வு நேரமும் இருக்கும். நம் வீட்டு மிக்ஸியும் கிரைண்டரும் அங்குள்ள மரத் தளங்களின் வழியே கீழ்வீட்டின் கூரையில் அதிரும். இட்லி மாவைச் சனிக்கிழமை பகலிலேயே அரைத்துவிடுங்கள். ஞாயிறு காலைச் சட்னிக்குத் தேங்காயையும் முந்திய நாளே முடித்துக்கொள்ளலாம். சுவரில் துளையிடுவது, கண்ணாடிப் புட்டிகளைத் தெருவோரத் தொட்டியில் போடுவது ஆகியவையும் ஞாயிற்றுக்கிழமை கூடாதவை. விருந்து வைப்பதாக இருந்தால், எந்தத் தேதியில் எத்தனை மணி வரை சத்தம் இருக்கும் என்று எழுதி, தொந்தரவாக இருந்தால் மணி அடியுங்கள் என்ற வரியையும் சேர்த்து, சில நாள் முன்னதாகவே கீழ்வாசலில் ஒட்டிவிடுவது வழக்கம். இப்படி ஒட்டியவர் மீது வரும் புகார்கள் மிகக் குறைவு.

காய்ந்த மிளகாய் தாளிக்கும்போது படுக்கையறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்து வையுங்கள். எல்லா மாநிலங்களிலும் வீடுகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட புகை எச்சரிக்கைக் கருவி அங்கேதான் இருக்கும். ஷ்டுட்கார்ட் போன்ற ஸ்வாபியப் பகுதிகளில் படிக்கட்டையும் நடைபாதையையும் வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறைவைத்துப் பெருக்கும் கேர்வோஹெ என்ற வழக்கம் உண்டு. உங்கள் முறைக்கு அடையாளமாக ஒரு சிறு பலகை கதவில் தொங்கும். பெருக்காமல் அதை அடுத்த கதவில் மாட்டினால், அந்த வீட்டில் நீங்கள் குடியிருக்கும் வரை அது நினைவில் வைக்கப்படும். குப்பையைப் பிரிப்பதற்கான நிறங்கள் ஊருக்கு ஊர் சற்று மாறுபடுவதால், ஊராட்சி தரும் அட்டவணையைச் சமையலறையில் ஒட்டிக்கொள்வது போதுமானது.

தெருவிலும் ரயிலிலும்

எதிரில் அமர்ந்திருப்பவர் உங்களை நேராக, நம் ஊர் அளவுகோலில் சற்று நீண்ட நேரம் பார்ப்பார். புதியவர்களுக்கு இது மிகவும் சங்கடம் தரும். பெரும்பாலான வேளைகளில் அந்தப் பார்வையில் வெறுப்போ விருப்போ கிடையாது; தலையசைத்து வணக்கம் சொன்னால் அவரும் தலையசைப்பார், அதோடு முடிந்தது. அதைப் போலவே, சிவப்பு விளக்கில் சாலையைக் கடந்தாலோ, மிதிவண்டிப் பாதையில் நடந்தாலோ, முன்பின் தெரியாத ஒருவர் உங்களைக் கண்டிப்பார். நிறம் பார்த்துத்தான் கண்டிக்கிறார் என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். அவர் தம் சொந்த ஊர்க்காரரையும் அதே குரலில்தான் கண்டிப்பார். ஒரு வார்த்தை மன்னிப்புச் சொல்லிவிட்டு நகர்வதே அங்குள்ளவர்களின் வழக்கமும்.

அவசர உதவிக்கு 112, காவல்துறைக்கு 110, உயிருக்கு ஆபத்தில்லாத நோய்க்கு இரவிலும் விடுமுறையிலும் மருத்துவரை நாட 116117. இவற்றைக் கைப்பேசியில் மட்டுமின்றி மனத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையிடமும் பல்கலைக்கழகமும்

மரியாதைப் பன்மையான ஸீ, ஒருமையான டூ என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள், நீ என்று பேசி வளர்ந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயரைவிட நாம் இதில் தேர்ந்தவர்கள். ஆனால் விதி சற்று வேறு. வயதிலோ பதவியிலோ மூத்தவர்தான் டூ சொல்லலாம் என்று முன்வர வேண்டும். அவர் அப்படி முன்வந்தபின் நாம் மரியாதை கருதி ஸீ என்றே தொடர்வது, நட்பை மறுப்பதாகக் கொள்ளப்படும். மாணவர்கள் தமக்குள் முதல் நொடியிலிருந்தே டூதான்.

பிறந்த நாள் கொண்டாடுபவர்தான் அலுவலகத்துக்குக் கேக் கொண்டுவர வேண்டும். யாரும் நினைவில் வைக்கவில்லையே என்று வருந்தாமல், நீங்களே கொண்டுபோய் வைத்து அழையுங்கள். உங்கள் மேசையைச் சுற்றி எல்லோரும் கூடும் நாள் அது. பிறருக்கு அந்த நாளுக்கு முன்னதாக வாழ்த்துச் சொல்வது கெட்ட சகுனம் என்ற நம்பிக்கை அங்கே இன்னும் இருக்கிறது, ஆகையால் ஒரு நாள் முந்தியும் வாழ்த்த வேண்டாம். மதிய வேளையில் நடைகூடத்தில் எதிர்ப்படுபவர் மால்ட்சைட் என்றால் நீங்களும் அதையே திருப்பிச் சொல்லுங்கள், அது சாப்பாட்டு நேரத்து வணக்கம்.

எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வாருங்கள் என்று நாம் சொல்வது அங்கே அழைப்பாகக் கருதப்படாது. தேதியும் மணியும் சொன்னால்தான் அழைப்பு; அதுவும் இரண்டு மூன்று வாரம் முன்பே சொல்ல வேண்டும். அழைக்கப்பட்டால் சரியான மணிக்குச் செல்லுங்கள், முந்திப் போய்விட்டால் தெருவில் சற்று நடந்துவிட்டு மணியடியுங்கள்.

மொழி

ஆங்கிலம் போதும் என்று சொல்லப்படுவதைப் பெர்லினின் சில பகுதிகளுக்கு வெளியே நம்ப வேண்டாம். அலுவலகக் கடிதம் எதுவும் ஆங்கிலத்தில் வராது, மூத்த அண்டை வீட்டார் ஆங்கிலம் பேசத் தயங்குவார்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மாக்ஸ் முல்லர் பவனில் அடிப்படை நிலைகளை முடித்துச் செல்வது பெரும் உதவி. அங்கே சென்றபின் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலெ என்ற மக்கள் கல்வி நிலையங்கள் கிட்டத்தட்ட ஒவ்வொரு ஊரிலும் குறைந்த கட்டணத்தில் மாலை வகுப்பு நடத்துகின்றன. வகுப்பறைக்கு வெளியே, நீங்கள் தடுமாறுவதைக் கண்டதும் எதிரில் இருப்பவர் உதவுவதாக எண்ணி ஆங்கிலத்துக்கு மாறுவார். தயவுசெய்து ஜெர்மனிலேயே பேசுங்கள், நான் கற்றுக்கொள்கிறேன் என்ற வாக்கியத்தை முதல் மாதத்திலேயே பழகிக்கொண்டு, கூச்சப்படாமல் அதைப் பயன்படுத்த வேண்டும்.

கூச்சம் விட்டுக் கற்றவர்களுக்கு நம் கடற்கரையிலேயே ஒரு முன்னோடி உண்டு. சாக்சனியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்த பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்குத் தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்தெழுதிக் கற்றார். ஒரு தலைமுறை கழியும் முன்பே அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடி அச்சகத்தில் தமிழில் வெளிவந்துவிட்டது.

மன்றமும் தமிழர் வட்டமும்

ஜெர்மானியர் தெருமுனையில் நட்பு பிடிப்பதில்லை. ஃபெராயின் எனப்படும் பதிவு பெற்ற மன்றங்களில் பிடிக்கிறார்கள். நாடெங்கும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மன்றங்கள் இருக்கின்றன: கால்பந்து, பாடற்குழு, சதுரங்கம், மலைநடை, தோட்டம் என்று எதற்கும் ஒன்று உண்டு. சிற்றூர்களில் தன்னார்வத் தீயணைப்புப் படையே ஊரின் நடுநாயகம்; குடியுரிமை இல்லாதவர்களும் அதில் சேரலாம். ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமை, ஒரே மணிக்கு, அதே முகங்களைப் பார்ப்பதுதான் இதன் பயன். முதல் சில வாரங்கள் யாரும் அதிகம் பேசாவிட்டாலும் தொடர்ந்து செல்லுங்கள்; கூட்டம் முடிந்தபின் நாற்காலிகளை அடுக்க உதவிக்கு நிற்பவரிடம்தான் பேச்சு வரும். கிரிக்கெட் மன்றமும் பல நகரங்களில் உண்டு, ஆனால் அங்கே இந்தியரும் பாகிஸ்தானியரும் ஆப்கானியருமே நிறைந்திருப்பார்கள். மனத்துக்கு அது ஆறுதல் தரும். ஜெர்மன் பழக அது உதவாது. குளிர்காலத்தில் பெர்லினில் பகல் வெளிச்சம் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு, மக்கள் வீட்டுக்குள் ஒடுங்கிவிடுவார்கள். அக்டோபரில் படிக்க வருபவர்கள் இந்த ஒடுக்கத்தைத் தம் மீதான விலக்கம் என்று தவறாகக் கொள்வதால்தான், வந்தவுடனேயே ஒரு மன்றத்தில் சேரச் சொல்கிறேன்.

தமிழர்கள் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து பெருந்தொகையினர் அடைக்கலம் தேடி வந்தனர். தமக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை அனுமதியின்றித் தாண்ட முடியாதிருந்த காலத்தில் அவர்கள் வேரூன்றினார்கள். ஹம் நகரின் ஊன்ட்ராப் பகுதியில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து தமிழர்கள் வருவார்கள். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பல நகரங்களில் நடக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து விசாவும் வேலை ஒப்பந்தமும் கையில் கொண்டு இறங்குபவர்கள், அந்த அண்ணன்மாரும் அக்காமாரும் இறங்கிய விதம் வேறு என்பதை மறக்கக் கூடாது. எந்த வருடம் வந்தீர்கள், ஏன் திரும்பிப் போகவில்லை என்ற கேள்விகளை முதல் சந்திப்பில் தவிர்த்து, அவர்களாகச் சொல்லும்போது கேளுங்கள். அலுவலக விவகாரங்களில் அவர்களுக்கு இருக்கும் அனுபவம் எந்த வழிகாட்டியிலும் கிடைக்காது. ஆனால் வாரத்தின் ஏழு நாளும் தமிழர் வட்டத்துக்குள்ளேயே கழியுமானால், ஐந்தாம் ஆண்டிலும் கடிதம் படிக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

அவமதிப்பு நேர்ந்தால்

மேலே சொன்ன பார்வையும் கண்டிப்பும் ஒன்று, மெய்யான இனப் பாகுபாடு வேறொன்று. இரண்டாவதும் அங்கே உண்டு. உங்கள் பெயரைக் கேட்டவுடன் வீடு வாடகைக்குப் போய்விட்டது என்பதும், வேலை விண்ணப்பத்தைப் பிறப்பிடம் காரணமாக ஒதுக்குவதும் 2006ஆம் ஆண்டின் பொதுச் சமநடத்தைச் சட்டத்துக்கு எதிரானவை. தேதி, நேரம், சொல்லப்பட்ட வார்த்தைகள், உடனிருந்தவர்கள் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். கோரிக்கை எழுப்புவதற்கான காலக்கெடு குறுகியது. கூட்டாட்சியின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகத்தில் ஆலோசனை இலவசம். தெருவில் வசைபாடப்பட்டால் அது குற்றம், காவல்துறையில் புகார் தரலாம். அப்படிப்பட்ட இடத்தில் தனியாக நின்று வாதாடாமல், அருகில் உள்ள ஒருவரைக் குறிப்பாகப் பார்த்து, நீலச் சட்டை அணிந்தவரே உதவுங்கள் என்று கேட்பது நல்லது. கூட்டத்தைப் பொதுவாக அழைத்தால் எவரும் அசைய மாட்டார்கள்.

ஆண்டு முடிவில்: அனுமதி நீட்டிப்பு

வதிவிட அனுமதி முடியப்போகிறது என்று அலுவலகம் நினைவூட்டும் என எதிர்பார்க்காதீர்கள். இங்கும் முதலில் போக வேண்டியவர் நீங்கள்தான். அட்டையில் உள்ள தேதிக்கு மூன்று நான்கு மாதம் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள், எப்படியாயினும் அந்தத் தேதி கடப்பதற்குள் விண்ணப்பம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். உரிய காலத்தில் விண்ணப்பித்தும் முடிவு தாமதமானால், பழைய அனுமதி நீடிப்பதாகக் காட்டும் ஓர் இடைக்காலச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அதில் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் ஊருக்கு விமானச் சீட்டு எடுக்க வேண்டாம். சில பிரிவுகள் ஜெர்மனியில் தங்க மட்டுமே இடம் தரும், வெளியே போய் மீண்டும் நுழைய இடம் தராது. இதற்கிடையில் வீடு மாறினால், இரண்டு வாரத்துக்குள் புதிய முகவரியைப் பதிவு செய்து அட்டையிலும் மாற்றிக்கொண்டு, புதிய தபால் பெட்டியில் பெயரை ஒட்டுங்கள்.